பதினாலாம் தேதி நூடுல்ஸ்

பக்கத்து வீட்டு சுமியேவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் தலைவலி வரும். டிசம்பர் பதினாலு. மற்ற நாளெல்லாம் கடலில் இறங்கிச் சிப்பி அள்ளுவாள், கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடப்பாள். அன்றைக்கு மட்டும் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடுவாள். நானும் நம்பினேன். மீன்கடைக்காரி நான், கண்ணைப் பார்த்தே மீன் எப்போது செத்தது என்று சொல்வேன். இவள் விஷயத்தில் ஏமாந்துதான் போனேன்.

பதினாலு எங்கள் கிரா ஊருக்குத் திவச நாள், ஊர்ப் பிரபு செத்த நாள். முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. தலைநகரத்து அரண்மனையில் ஆகோ ஊர்ப் பிரபு வாளை உருவி எங்கள் பிரபுவை வெட்டினார். அரண்மனைக்குள் வாளை உருவினால் சாவுதான்; அந்த ஆகோக்காரர் தண்டனையாகத் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். அதற்குப் பழிவாங்க அவருடைய ஆட்கள் நாற்பத்தேழு பேர் ஒரு பனிக்கால ராத்திரியில் வந்து, காயத்தோடு தப்பியிருந்த எங்கள் கிழப் பிரபுவின் தலையைக் கொய்துகொண்டு போனார்கள். நாடே அவர்களைக் கும்பிடுகிறது. மேடையானாலும் டிவியானாலும் எங்களவர்தான் வில்லன், லஞ்சப் பிசாசு. வெள்ளம் வந்தபோது இங்கே கரை கட்டிக் கொடுத்தவர் யார்? செங்குதிரையில் ஏறி வயல் வயலாக வந்து சுகம் விசாரித்தவர் யார்? அதை எவனாவது நாடகம் போட்டானா? எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இந்த ஊருக்குத்தான் சுமியே வாக்கப்பட்டு வந்தாள். பிறந்தது ஆகோ! கப்பல் பட்டறை வேலைக்கு அங்கே போன இடத்தில் எங்கள் ஊர் ஷோஜி அவளைப் பார்த்து ஆசைப்பட்டான். "எங்கம்மாகிட்ட மட்டும் ஊர்ப் பேரைச் சொல்லிடாதே. ஒசாகா பக்கம்னு சொல்லிக்கலாம்" என்றான். பெற்றவர்கள் கல்யாணத்துக்கு வராததற்குத் தூரத்தைக் காரணம் காட்டிச் சமாளித்தார்கள். அவன் அம்மா கினுயோ லேசுப்பட்டவள் இல்லை. போட்டது ஆகோவிலிருந்து வந்த உப்பு என்று தெரிந்தால் ஊறுகாய் ஜாடியையே தெருவில் கவிழ்ப்பாள். விஷயம் தெரிந்தால் தன்னையும் துரத்திவிடுவாள் என்ற பயத்திலேயே சுமியே குடித்தனம் பண்ணினாள். கோயிலில் பிரபுவின் சிலைக்கு முன்னால் போய்க் கும்பிடுகிற மாதிரி வேஷம் போட மனசு வராமல்தான் அந்தத் தலைவலி. இதெல்லாம் பிற்பாடு அவளே சொன்னது.

ஒரு வருஷம் பதினாலாம் தேதி நெருங்கும்போது கோயிலில் சமைக்கிறவளுக்குக் கால் முறிந்துவிட்டது. கினுயோ வந்து மருமகளின் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"தலைவலியாம் தலைவலி! எழுந்திருடி. அம்பது பேருக்கு நூடுல்ஸ் போடணும்."

பதினாலாம் தேதி நூடுல்ஸ் என்றால் எங்களுக்கு வெள்ளைக் கோதுமையில் தடியாகச் செய்தது. அதைச் சொல்லவேண்டும் என்று கினுயோவுக்குத் தோன்றவில்லை, யாருக்குத்தான் தோன்றும்? கேட்கவேண்டும் என்று சுமியேவுக்கும் தோன்றவில்லை. அவள் பிறந்த வீட்டில் அந்தத் தேதிக்கு மெல்லிய பழுப்பு நூடுல்ஸ்தான். அந்த நாற்பத்தேழு பேரும் எங்கள் பிரபுவைக் கொல்லப் புறப்படுமுன் ஒரு கடையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டார்களாம். ஆகோக்காரர்கள் அன்றைக்கு அதை ஆசையாகச் சாப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு அதை நாய்க்குக்கூட வைக்கமாட்டோம்.

பூஜை முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். சுமியே அண்டாவின் மூடியைத் திறந்தாள். அத்தனையும் பழுப்பு!

"என்னடி இது?" என்றாள் கினுயோ.

"நூடுல்ஸ், அத்தே."

"இன்னிக்கு இதை எந்த ஊர்க்காரங்க தின்பாங்கன்னு தெரியுமாடி உனக்கு?"

அப்போதுதான் சுமியேவுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப் போயிற்று. "எங்க ஊர்க்காரங்க அத்தே. நான் ஆகோக்காரி" என்றாள். ஷோஜி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இன்றோடு இவள் குடும்பம் முடிந்தது என்றே நினைத்தேன்.

திவச நாள் ஊர்வலத்தில் வருஷா வருஷம் பிரபு வேஷம் கட்டுகிற தமெகிச்சிக் கிழவர்தான் முதலில் பேசினார். பசி பொறுக்காத மனுஷன்.

"ஏம்மா கினுயோ, அவனுங்க வயிறு முட்டத் தின்னுட்டு வந்தானுங்க. நம்ம ஐயாவுக்கு அன்னிக்கு யாரு ஒரு கிண்ணம் வெச்சா?"

கினுயோ அவரையே பார்த்தாள். பிறகு மருமகள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். ஐயோ, அடிக்கத்தான் போகிறாள்! இல்லை. ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸை நிறைய எடுத்துக்கொண்டு போய்ச் சிலைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

"ஐயா சாப்பிடட்டும், அப்புறம் நாம. ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே? ஆறிடப்போகுது, பரிமாறு! ஒசாகாவாம் ஒசாகா, பொய்க்காரி! உங்கம்மாவை வரச் சொல்லு. சம்பந்தி மூஞ்சியை நான் பாக்க வேணாமா?"

அப்பாடா! சுமியே அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அத்தனை வருஷத்துப் பயமும் இறங்கிப் போன அழுகை. எனக்கும் தாங்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ருசி என்னவோ அபாரம்தான்.

அதிலிருந்து பிரபுவுக்கு முதல் கிண்ணம் பழுப்பு நூடுல்ஸ்தான். போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார்.

"இது எப்போலேருந்து வழக்கம்மா?"

"எங்க முப்பாட்டன் காலத்துலேருந்து" என்றாள் கினுயோ, கொஞ்சமும் கூசாமல். தமெகிச்சி ஆமாம் போட்டார். நானும் போட்டேன். எனக்கே இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"சமைக்கிறது யாரு?"

"என் மருமக. ஆகோக்காரி. வேற யாருக்கு இது பதமா வரும்?"