அடிகுன் தோள் கொடுத்த படம்

அடிகுனின் போட்டோ ஸ்டுடியோ வாசலில்தான் நான் அக்கரா வடை சுட்டு விற்கிறேன். ஈலா ஊரில் அந்த மனிதரோடு தினமும் வாய் கொடுக்கிற ஒரே ஆள் நான்தான். லாகோஸுக்குப் போன அவர் பெண்டாட்டி திரும்பி வரவில்லை. பிள்ளையும் கிடையாது.

இபாதானில் தொழில் கற்று வந்த புதிதில், ஆளை ஒருக்களித்து உட்காரவைத்துப் படமெடுப்பார். எங்களூர்க்காரர்கள் விடுவார்களா? முகம் நேராக, கைகள் முழங்காலில், அங்கி விரிந்து கிடக்க வேண்டும். துணிக்கடைக்காரி ஒருத்தி படத்தை ஆட்டிக்கொண்டே சண்டைக்கு வந்தாள்.

"என் இன்னொரு காது எங்கய்யா? வித்துத் தின்னுட்டியா?"

அன்றிலிருந்து ஆளை உட்காரவைப்பதை முதலிலிருந்து கற்றார். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே? காலி நாற்காலிக்குத் தன் அங்கியைப் போர்த்தி, "கழுத்த நிமித்துங்கம்மா, தாடைய இறக்குங்க" என்று அதோடு பேசுவார்.

"என்ன சொல்றா உங்க நாற்காலிப் பொண்டாட்டி?" என்று கத்துவேன்.

"உன்ன மாதிரி எதுத்துப் பேசமாட்டா, அயோகா."

சிரிப்போம்.

ஒருநாள் ஒரு தாய் தன் ஏழு வயது மகள் கேஹிண்டேயை அழைத்து வந்தாள். அவளோடு இரட்டையாய்ப் பிறந்த டைவோ காய்ச்சலில் போய்விட்டான். இரட்டையில் ஒன்று போனால், இருக்கிற பிள்ளையையே இரண்டு தடவை எடுத்து, ஒரே படமாக ஒட்டுவது எங்கள் வழக்கம். முதலில் அவள் கவுனில், பிறகு அவன் சட்டையில்.

"ரெண்டும் எப்பவும் சாஞ்சிக்கிட்டேதான் உக்காருங்க. படத்துலயும் அப்படியே வேணும்ணே. அவன் படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல" என்றாள் தாய்.

பிள்ளை விறைத்து உட்கார்ந்திருந்தாள். "அவன் இல்லையே, யார் மேல சாயறது?" என்று அழுதாள். தாயும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடிகுன் கேமராவை விட்டு வந்து, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குறுகித் தோளைத் தாழ்த்தினார். "என் மேல சாயும்மா. அப்புறம் படத்துலேருந்து என்னைய வெட்டி எடுத்துடறேன்."

அவள் தலை மெல்ல அவர் தோளில் விழுந்தது. தன்னையறியாமல் அவரும் அவள் பக்கம் சாய்ந்தார்.

"அயோகா, வந்து பொத்தான அமுக்கு!"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவள் சட்டை மாற்றி வந்து, இருவரும் இடம் மாறி உட்கார்ந்தபோதும் நான்தான் அமுக்கினேன்.

வெட்டி ஒட்டிய படத்தில் பிள்ளைகள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் ஸ்டுடியோ சுவரில் புதுப் படமொன்று தொங்கியது. குப்பையில் போட வேண்டிய மிச்சத் துண்டுகள் இரண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தார். ஒரே மாதிரி அங்கியில் இரண்டு அடிகுன்கள், தோளோடு தோள் சாய்ந்திருந்தார்கள்.

படமெடுக்க வந்த வெளியூர்க்காரர் அதை உற்றுப் பார்த்தார். "அட, நீங்களும் இரட்டையா? கூடப் பொறந்தவரு இருக்காரா, போயிட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடிகுன் பதில் சொல்லிவிட்டார்.

"இருக்கான். வீட்ல ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்குக் கிழங்கு இடிச்சிக்கிட்டு இருப்பான்."

அந்த வீட்டில் அடுப்பு எரிந்து வருஷக்கணக்காகிறது. தினமும் சாயங்காலம் என் அக்கராவைத்தான் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்.