முகவரி இல்லாத நூற்று நாற்பது வீடுகள்

இத்தாலிய நகரமான பலேர்மோவில் குடியேறிய குடும்பங்களின் உடல்நலக் கணக்கெடுப்பை 2007இல் ஆராய்ந்தாள் சுபத்ரா. முகவரி இல்லாத நூற்று நாற்பது படிவங்களை ஒதுக்கிவிட்டு அவள் போட்ட வரைபடத்தில், பழைய சந்தைப் பகுதியான வுச்சீரியா பக்கம் நோயாளிகளே இல்லை.

அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தமயந்தி, "தங்குறதுக்கு பெர்மெஸ்ஸோ பத்திரம் இல்லாதவங்க பயந்துதான் முகவரி சொல்லலை அக்கா. அவங்களை விட்டா படமே பொய்யாயிடும்," என்றாள். படிவங்களில் அவர்கள் சொல்லியிருந்த பக்கத்துச் சந்தையையும் பஸ் நிறுத்தத்தையும் வைத்து, ஒவ்வொரு வீட்டையும் அது இருக்கக்கூடிய பல இடங்களில் பொருத்தி நூறு முறை கணக்கிட்டாள். வரைபடத்தில் வுச்சீரியா, நோயாளிகள் மிகுந்த இடமாகச் சிவந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் மனம்விட்டுப் பாராட்டினார்.

சுபத்ராவுக்கு வயிறு எரிந்தது. தமயந்தியின் கணக்கைச் சரிபார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கி நான்கு நாள் பிழை தேடினாள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஏதாவது தப்பா அக்கா?"

"இல்லை. சரியாத்தான் இருக்கு," என்று கையெழுத்திட்டாள்.

சில மாதங்களில், அந்த வரைபடத்தின் பயனாக, வுச்சீரியாவுக்கு ஒரு மருத்துவர் வாரந்தோறும் வரத் தொடங்கினார். தமயந்தி கூப்பிட்டும் சுபத்ரா பார்க்கப் போகவில்லை.