நம்பர் சுரண்டிய நாலு கடை

ரேடியோ ரிப்பேரில் பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் அறிவைவிட, கண்டுபிடித்ததைப் பக்கத்துக் கடைக்காரனிடம் மறைக்க ஆகும் அறிவு அதிகம். பற்றவைப்புப் புகையில் கண் எரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிளேடு வேலை

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக நான்கு ரிப்பேர் கடைகள். வெளிநாட்டு செட்டில் டிரான்சிஸ்டர் போனால் அதே சரக்கு கிடைக்காது. மாற்றாக எது பொருந்தும் என்பதே எங்கள் மூலதனம். ஆகவே மாற்றைப் பொருத்தியதும் அதன்மேல் அச்சிட்ட நம்பரை பிளேடால் சுரண்டிவிடுவோம். அடுத்தவன் திறந்து பார்த்தால் மொட்டைதான் தெரியும்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஏகாம்பரம் தம் செட்டில் நான் நம்பர் சுரண்டுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தார். அவர் தெருவின் செட்டுகள் அத்தனையும் அவர் சொல்லித்தான் என்னிடம் வந்துகொண்டிருந்தன. கேட்டார்: “இன்னாபா, ரேடியோ ரிப்பேர் பண்றியா, மீன் ஆஞ்சிக்கினு இருக்கியா?”

டீயும் பொய்யும்

பக்கத்துக் கடை கோவிந்தன் எட்டாவது தாண்டாதவன். டீக்கடையில் என்னிடம் மாற்று நம்பர் கேட்டான். கூசாமல், கொஞ்சம் பெரிய டிரான்சிஸ்டர் ஒன்றின் நம்பரைச் சொன்னேன். அது சூடேறி அவன் செட் எரிந்துபோகும் நாளுக்குக் காத்திருந்தேன். பத்து நாள் கழித்து வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்: “நீ சொன்ன நம்பரு பழசவிட நல்லா பாடுது, வாத்தியாரே.”

ஒரு அங்குலத் தகடு

ஏகாம்பரம் தம் செட்டைத் தறிமேல் கட்டித் தொங்கவிட்டுப் பொழுதெல்லாம் பாடவைப்பார். அது மறுபடி நின்றுபோயிற்று. முன்பு எதைப் போட்டேன் என்று பார்த்தால், நானே சுரண்டிய மொட்டை. நோட்டில் எழுதினால் திருடுவார்கள் என்று எழுதவும் இல்லை. வேறு வழியின்றி என் பொய் நம்பரையே போட்டேன். அந்த டிரான்சிஸ்டர் ஒரே நாளில் எரிந்தது. சாயங்காலத்துக்குள் பாடாவிட்டால் தெருவே இனி வேறு கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

வெட்கத்தை விட்டு கோவிந்தனிடம் போனேன். அவன் ஒரு செட்டைத் திறந்து காட்டினான்: டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரு அங்குலச் செப்புத் தகடு. சூட்டை அது வாங்கிக்கொள்ளும். இங்கிலீஷ் புத்தகத்தில் இதை நான் மூன்று அத்தியாயம் படித்திருந்தேன், படிப்பதோடு சரி. அதே நம்பரில் இன்னொன்றைத் தகட்டோடு போட்டதும் ஏகாம்பரத்தின் செட் முன்னைவிட உரக்கவே பாடியது. பதிலுக்கு அவன், அந்தச் செட்டில் நான் முதலில் போட்ட நம்பரைக் கேட்டான். மறந்துவிட்டதென்று ஒப்புக்கொண்டேன். கோவிந்தன் சிரிக்கவில்லை: “அப்ப நீ மறைச்சது எங்ககிட்ட இல்ல, உங்கிட்டதான்.”

ஒரே மாதத்தில் நான்கு கடைகளிலும் செப்புத் தகடு ஏறியது. அது அவரவர் சொந்தக் கண்டுபிடிப்பு என்று, நான் உட்பட, நான்கு பேருமே சொல்லிக்கொண்டு திரிகிறோம்.