ஜோர்ஜின் ஊர்க் கேணி

கால் வைத்தே அறியாத ஓர் ஆங்கிலேயக் கிராமத்தைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி, ஒரு செத்தவீட்டில் எழுந்து நின்று பிரசங்கம் செய்தவன் நான். போன கிழமை ஆக்லாந்தின் ரானுயிப் பக்கம் போனேன். ஜோர்ஜின் வீடு நின்ற காணியில் சாம்பல் நிறப் பெட்டி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முற்றத்தில் நின்ற பிளம் மரத்தையும் காணோம். மனதில் ஒன்றும் அசையவில்லை. அந்தப் பிரசங்கம் மட்டும் ஞாபகம் வந்து காது சுட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கும் மன்னார் அந்தோனிக்கும் பாண் தொழிற்சாலையில் வேலை. ஜோர்ஜ் வீட்டுப் பின்னறையில் வாடகைக் குடித்தனம். எந்த நேரமும் எங்கள் சட்டையில் ஈஸ்ட் மணக்கும். ஜோர்ஜ் மனைவியை இழந்த கிழவர், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர். குடிபோன கையோடு நான் விசாரணையைத் தொடங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தான் ஒருவனுடைய பெயர் தெரியாமல் இருந்துவிடுவான். எந்த ஊர், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்று தெரியாமல் இருக்கமாட்டான்.

ஜோர்ஜ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “இந்த நாட்டில் என்னிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை” என்றார்.

அதன்பிறகு மாலைதோறும் அந்த ஊர்தான். சதுரக் கோபுரத்துடன் கல் தேவாலயம். ஏதோ ஒரு பழைய உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் குதிரை கட்டிய தூண். நான் விடுவேனா? தேவாலயத்துக்குப் பக்கத்தில் கேணி உண்டா? எங்கள் ஊர்க் கோயிலில் உண்டே. கொஞ்சம் யோசித்து, உண்டு என்றார். இறங்கப் படிக்கட்டு? உண்டு. சந்தியில் பெரிய மரம்? அதுவும் உண்டு.

அப்போது ஊரில் சண்டை. அம்மாவிடமிருந்து பல வாரமாகக் கடிதம் இல்லை. அந்தோனி அறையில் கிடந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் போன் அடித்துக்கொண்டிருப்பான். நான் குசினி மேசையில் ஜோர்ஜோடு, இங்கிலாந்தில் இருப்பேன்.

ஒருநாள் அவன் குசினி வாசலில் வந்து நின்றான். “மச்சான், கொம்மா கடலேரி தாண்டி வந்திட்டாவாம். உயிரோட இருக்கிறா. ஊரிலதான் ஒரு வீடும் மிச்சமில்லையாம்.”

“ஓம்” என்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஜோர்ஜின் பக்கம் திரும்பி, மழைக்காலத்தில் கேணித் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டேன். தமிழ் அவருக்கு விளங்கியிராது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மேல் படி வரைக்கும்” என்றார்.

அடுத்த வருடம் ஜோர்ஜ் போய்ச் சேர்ந்தார். அவர் ஊரை அறிந்தவன் ஆக்லாந்திலேயே நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் செத்தவீட்டில் எழுந்து நின்றேன். கோபுரம், தூண், கேணி, மேல் படி, ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் அவருடைய மகள் சாண்ட்விச் தட்டோடு வந்து நன்றி சொன்னாள். அப்பா வளர்ந்தது லண்டனில் என்றாள். அந்த ஊருக்குச் சிறு வயதில் ஒரு கோடை விடுமுறைக்குப் போனதோடு சரி. தெரியாது என்று சொன்னால் உங்கள் முகம் வாடிவிடும் என்பாராம்.

திரும்பும் வழியில், மோட்டர்வேயில் ஏறியதும் அந்தோனி சொன்னான்:

“உங்கட கோயில் கேணியக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ர சேர்ச்சுக்குப் பக்கத்தில வெட்டினது நீதான் மச்சான். அந்த மனிசன் பாவம், மண் அள்ளிக் குடுத்தது, அவ்வளவுதான்.”