சந்தனம் பட்ட இசைத்தட்டு

தீபாவளிக்குப் புதுத்துணிகளோடு புது இசைத்தட்டுகளும் காரைக்குடிக்கு வந்து இறங்கிய எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத நான், ஒரு ரேடியோக் கடையில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தீபாவளிக்குப் புதிய திரைப்பாடல்களோடு வேறொன்றும் வெளியானது. பல பழைய தட்டுகளின் பாடல்களைத் தொகுத்து, ஒரே பெரிய தட்டாக மறுபடியும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கடைக்கு வந்தது ஒரே பிரதி.

கண்டனூரில் ஓர் ஆச்சி அதற்காக முன்பே சொல்லி வைத்திருந்தார். தீபாவளிக்கு மறுநாள் அவருடைய கணவரை வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டுபோவதாக இருந்தது. பிழைப்பார் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. போகுமுன் அந்தத் தட்டின் முதல் பாடலைக் கேட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கணவரின் ஆசை.

"காலையில முதல் பஸ்ஸுல நீயே கொண்டுபோயிரு. கைரேகைகூடப் படக்கூடாது" என்றார் முதலாளி. தட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் முடித்துச் சாமி முன் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சள் தடவிய புதுத்துணிகளுக்குப் பக்கத்தில், உறையிலிருந்து எடுத்த தட்டு. அதன் விளிம்பில் ஈரச் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம்.

"என்னாத்தா இது!" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"புதுசுக்குப் பொட்டு வைக்காம யாராச்சும் வெளிய எடுப்பாகளா?"

"அட்டையில வச்சிருக்கலாம்ல?"

"அட்டைக்கு வச்சா பாட்டுக்கு வச்சதாகுமா? பி.ஏ. படிச்ச லட்சணத்தைப் பாரு!"

ஈரத்துணியால் துடைத்தேன். சிவப்பு போயிற்று, சந்தனப் பொடி தட்டின் கோடுகளுக்குள் இறங்கிவிட்டது. முதல் பாடல் தொடங்குவதும் அந்த விளிம்பில்தான்.

பேருந்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விளைவுகளை எடைபோட்டேன். சொல்லிவிட்டால், நாளைக்குள் வேறு தட்டு கிடைக்காது. மறைத்துவிட்டால், அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மனிதர் முன் பாட்டு தடைபட்டு நிற்கும். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த வீடு அதையே காலமெல்லாம் நினைக்கும். சகுனம் பொய் என்று கல்லூரி மேடையில் வாதிட்டவன் நான். அன்று என் உள்ளங்கை வியர்த்து உறை நனைந்தது.

அந்த வீட்டு ஹாலில், ரேடியோவும் தட்டு ஓட்டும் கருவியும் சேர்ந்த ரேடியோகிராம் பக்கத்துக் கட்டிலில், ஆச்சியின் கணவரான ஐயா மெலிந்து கிடந்தார். ஆச்சி தட்டை இரு கைகளாலும் வாங்கி உறையிலிருந்து உருவினார். பிறகு உள்ளே திரும்பி, "அந்தச் சந்தனக் கிண்ணத்தை இங்குட்டுக் கொண்டாங்க" என்றார்.

கிண்ணம் வந்தது. அவர் விரல் சந்தனத்தில் தோய்ந்து தட்டை நோக்கி இறங்கியது.

"ஆச்சி, வேணாம்! வைக்காதீக!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன்.

ஆச்சி விரலைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒங்க ஆத்தா முந்திக்கிட்டாக. நானும் அதத்தானே செய்யப் போனேன்? போடுங்க தம்பி, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்."

முள் இறங்கியது. 'டக், டக்' என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி. மூன்றாவது வரியில் முள் பின்னால் குதித்து அதையே பாடியது, மறுபடியும் அதையே. ஐயா கையை உயர்த்தினார். நான் முள்ளைத் தூக்கிச் சற்று உள்ளே வைத்தேன். பாடலின் பின்பாதி தடையின்றி ஓடியது. அவர் கண்மூடிக் கேட்டார்.

"இது போதும். முன்பாதி எனக்கே மனப்பாடம்" என்றார்.

ஆச்சி மட்டும் வாசல்வரை வந்தார். "இவுக திரும்பி வந்ததும் முழுசாக் கேக்கணும். இன்னொண்ணு வரவழைங்க, தம்பி."

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டிவிட்டு, இன்னொரு பிரதிக்கு எழுதிப் போட்டார். மதுரையிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை; கேட்கவும் எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்கு முன் தட்டு வந்ததும், வீட்டுப் பக்கமே போகாமல் கடையிலிருந்து நேரே பேருந்து ஏறினேன். கண்டனூரில் இறங்கி நடந்தேன். அந்த வீட்டு முகப்பில் யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நெருங்கினேன். ஐயாதான்.

"என்னப்பா, இதுக்கும் பொட்டு வச்சாச்சா?"

உறையைப் பிரித்து, பொட்டுப் படாத தட்டைக் காட்டினேன்.