சாத்தே குச்சியில் ஒரு தலை

தெப்ரா கடைத்தெருவில், கேவலம் ஒரு பார்க்கிங் இடத்துக்காக ஒருவன் என்னை வெட்டினான். நான் ஹாரன் அடித்தேன், அவன் கெட்ட வார்த்தை சொன்னான், நானும் சொன்னேன். சீட்டுக்கு அடியிலிருந்து பாராங் என்ற வெட்டுக்கத்தியை உருவினான். என் வலது முன்கை எலும்புவரை பிளந்தது. நானும் சும்மா விடவில்லை. அவன் மேலேயே விழுந்து காதைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அதற்குப் பிறகு நினைவில்லை.

எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். ரெசின் பொம்மைச் சிப்பாய்களுக்குக் கை ஒட்டும்போது நானும் அப்படித்தான் துளை போட்டுக் கம்பி செருகுவேன். பல வருடப் பொழுதுபோக்கு. இப்போதோ விரல்கள் மரத்துத் தூரிகை நழுவியது.

அவன் ஜெயிலுக்குப் போனான். எனக்கு அது போதவில்லை. சிப்பாய்க்குப் புருவம் வரையும் அளவுக்கு விரல் திரும்பினால் பாராங் பிடிக்கவும் திரும்பும், அவன் வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். மனைவியிடம் மறைக்கவில்லை.

"உங்க கை சரியாவக் கூடாதுன்னுதான் சாமி கும்பிடுறேன்" என்றாள், எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே.

செத்துக் கிடக்கும் சிப்பாய் ஒருவனைச் செய்தேன். வயிறு கிழிந்து, உடுப்பெல்லாம் ரத்தம். வெறும் சிவப்பைப் பூசினால் பொய். காய்ந்த ரத்தம் பழுப்பு. என் சட்டையிலேயே பார்த்திருக்கிறேன். தலைக்கு மட்டும் பட்டி மாவைப் பிசைந்து, என்னை வெட்டியவன் முகத்தைச் செதுக்கினேன். பொம்மை செய்கிற நாங்கள் தலையைத் தனியாக, இறைச்சி சுடும் சாத்தே குச்சியில் குத்தி வைத்துத்தான் வர்ணம் பூசுவோம். புருவம் ஒரே இழுப்பில் வந்த அன்று சத்தமாகச் சிரித்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே அவன் விடுதலையாகி என் வீட்டுக்கு வந்தான். தலையில் தொப்பி, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"மன்னிப்பு கேக்க வந்தேன் அண்ணே. அடிக்கணும்னா அடிங்க."

என் கையில் பிசிறு சீவும் சின்னக் கத்தி. கழுத்துக்கு அது போதும். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அத வச்சிட்டுப் பேசுங்க."

நான் வைக்கவில்லை. அவனோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குச்சியில் அவன் தலை.

"இது நானா அண்ணே?"

"நீதான். கிட்ட வந்து பாரு."

வந்தான். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்படியே இருக்கு. ஆனா இந்தப் பக்கம் எனக்குக் காது இல்லண்ணே."

தொப்பியைக் கழற்றினான். இடது காது இருந்த இடத்தில் சுருங்கிய தோல்தான் இருந்தது.

சிப்பாயின் பொத்தான் ஒன்று தப்பானாலும் பிய்த்துவிட்டு மறுபடி செய்கிறவன் நான். குச்சியை எடுத்து, அந்தக் காதில் கத்தியை வைத்தேன். கை உதறியது. இத்தனை மாதம் பழக்கிய கை, பாவி, அவன் முன்னால் போய் உதறியது.

"நான் புடிச்சிக்கிறேன், நீங்க வெட்டுங்க" என்று குச்சியை வாங்கிக்கொண்டான். அசையாமல் பிடித்தான்.

வெட்டினேன். எள்ளளவு காது மேசையில் விழுந்தது. அவனுடைய இன்னொரு கை தானாக அந்தச் சுருங்கிய தோலுக்குப் போனது.