எறிகாரனை எப்போது எடுப்பது

கனடாவிலிருந்து வரும் அந்தப் பழுப்பு உறை எங்கள் கதவின் தபால் துவாரத்துக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் துவாரம் ஒடுக்கம். உறையோ செங்கல் தடிப்பு. தபால்காரர் மணி அடிப்பார். நான் மாவுக் கையோடு போய் வாங்கி, மாடிப்படியின் முதல் படியில் வைப்பேன். வேலை முடிந்து வந்ததும் அண்ணை சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பிரிப்பார். உள்ளே இருப்பதெல்லாம் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்கள். அதிலும் பேஸ்பால் பக்கங்கள் மட்டும். ஓரங்களில் நீலப் பேனையால் பொடி எழுத்தில் தமிழில் குறிப்புகள் இருக்கும். ‘இவனை வாங்கினவனுக்கு விசர்’ என்றிருக்கும் ஒன்று. இன்னொன்றில், ‘அண்ணை, உங்கடை ஆள் நேற்றும் தோத்தவர்’ என்றிருக்கும்.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் மாடி அறையில் குடியிருந்தவர். எனக்கு ஆறேழு வயது மூத்தவர், பெற்றோல் நிலையத்தில் வேலை, கலியாணம் கட்டாதவர். எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கிலாந்தை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அவருடைய ஒரே தம்பி ரொறன்ரோவில் இருந்தார். அங்கே பெரிய பேஸ்பால் மைதானத்தில், ஆட்டம் முடிந்த பிறகு ஆசனங்களுக்கு இடையே கூட்டித் துடைப்பது தம்பியின் வேலை. ஆட்டம் நடக்கும்போதே போய் ஒரு மூலையில் நின்று பார்ப்பாராம். ஒருமுறை வீடியோ கசெட் அனுப்பினார். எங்கள் தொலைக்காட்சியில் அது சரியாக ஓடவில்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்குள் மனிதர்கள் மேலே மேலே உருண்டு போனார்கள். அண்ணை அதையும் ஒன்றரை மணித்தியாலம் பார்த்தார். ஒரு முழு ஆட்டத்தையும் ஒழுங்காகக் காணாத அந்த மனிதரிடம், ஒவ்வொரு ஆட்டக்காரரைப் பற்றியும் அசையாத அபிப்பிராயம் இருந்தது.

அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வதுதான் அவருக்குப் பெரிய ஆத்திரம். ‘ட்ரேட்’ என்பார்கள் அதை. இங்கே ஆடிக்கொண்டிருப்பவரை ஒரு கேள்வி கேட்காமல் வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஒருவரை எடுப்பார்கள். காலையில் எழும்பினவன் பின்னேரம் இன்னொரு ஊரில் நிற்க வேணும், இதென்ன நியாயம் என்று சோற்றுக் கோப்பையோடு நின்று என் கணவரிடம் கேட்பார். பேஸ்பாலில் அக்கறையில்லாத என் கணவர், நியாயமில்லைத்தான் என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். முகாமையாளரைப் பற்றி அண்ணைக்கு இன்னும் பெரிய குறை. அவன் அவசரக்காரன், ஆட்களை நம்பத் தெரியாதவன் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைப்பார். தொலைபேசி மாடிப்படிக்குக் கீழே, வாசல் நடையில் இருந்தது. பக்கத்தில்தான் நான் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவேன். ஆகவே அந்தச் சண்டைகளில் பாதியை, அண்ணையின் பாதியை, வருடக்கணக்காகக் கேட்டவள் நான். அநேகமாக ஒரே சண்டைதான். பந்தை எறிகிறவரை அண்ணை எறிகாரன் என்பார். எறிகாரன் களைத்தால் முகாமையாளர் நடுவில் அவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கலாம்; எடுத்தவரை அன்று திரும்ப இறக்க முடியாது. எப்போது எடுப்பது என்பதில்தான் சகோதரர் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ரொறன்ரோ அணியில் வயதான எறிகாரர் ஒருவர் இருந்தார். பொறுத்துப் பார்க்க வேணும், அவர் திரும்ப எழும்புவார் என்பது அண்ணையின் கட்சி. களைப்புத் தெரிந்த உடனே எடுத்திருக்க வேணும் என்பது தம்பியின் கட்சி.

“நீ எப்பவும் அவசரம், தம்பி. ஒரு மனிசனுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கோணும்” என்பார் அண்ணை. பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். காது சிவந்துபோகும். வைத்த பிறகு என்னிடம், இவனுக்கு ஒண்டும் விளங்காது என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி மாடிக்குப் போவார். அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிறு வரைக்கும் அவருக்குப் போதுமாக இருந்தது.

அவர்களுடைய தாய் தொண்ணூறாம் ஆண்டு ஊரில் ஷெல் விழுந்து இறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அண்ணையின் அறையில் படம் இருந்தது. ஆனால் அத்தனை ஞாயிறுகளில் ஒருநாளும் ‘அம்மா’ என்ற சொல்லை அந்தத் தொலைபேசியில் நான் கேட்டதில்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. அந்த நாட்களில் எங்கள் எல்லோர் வீட்டிலும் பேசாமல் விட்ட ஏதோ ஒன்று இருந்தது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆவணியில் அங்கே ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்டங்கள் பாதியில் நின்றன. இரண்டு வருடம் தொடர்ந்து வென்ற அணி அந்த வருடம் தோற்றுக்கொண்டிருந்தது. யாருடைய பிழை என்று சகோதரர்கள் முழு மூச்சாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம். மைதானம் பூட்டியதால் தம்பிக்கும் வேலை இல்லை. இரண்டு கிழமை போகட்டும் என்றார்கள். பிறகு, அந்த வருடம் இனி ஆட்டமே இல்லை என்றார்கள்.

பழுப்பு உறை அதன் பிறகும் வந்தது. முதலில் மெலிந்தது. பிறகு ஓரக் குறிப்புகள் குறைந்தன. புரட்டாதியில் வந்த ஒன்றில் ஓரமெல்லாம் வெறுமையாக இருந்தது. அண்ணை பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை போன வருடத்துப் பக்கங்கள். முன்பே ஒருமுறை வந்தவை. மாறி வைத்திருப்பார் என்றேன் நான். அண்ணை தலையாட்டினார். ஆனால் அன்று சாப்பிட இறங்கி வரவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அழைப்பு வந்தது. வழமைபோல அண்ணைதான் தொடங்கினார். அந்த வயதான எறிகாரரை இன்னும் வைத்திருக்கலாம் என்று வேண்டுமென்றே இழுத்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். நான் அழுத்திக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். அவர் றிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடத்துக்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

“நான் சொன்னது சரியாம், தங்கச்சி” என்றார். “எல்லாம் நீங்கள் சொன்னமாதிரித்தான் எண்டு சொல்லுறான். அவன் அப்பிடிச் சொல்லுற ஆள் இல்லை.”

என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு வென்றிருக்கிறீர்கள், சந்தோஷப்படுங்கோ என்றார். அண்ணையும் சிரிக்கப் பார்த்தார். அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போய் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். ஆனால் தொலைபேசியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிறு நாலு மணி ஆனது, ஐந்தானது. தம்பி அழைக்கவில்லை. அண்ணை அழைத்தபோது அங்கே யாரும் எடுக்கவில்லை. நான் அழுத்தியை நிறுத்திவிட்டு மடித்த உடுப்பையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் தபால்காரர் மணி அடித்தார். இந்தமுறை உறை இல்லை, சின்னப் பெட்டி. அண்ணைக்கு அன்று பின்னேர ஷிப்ட், வீட்டில் இருந்தார். குசினி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு பேஸ்பால் பந்து. அழுக்கேறிய வெள்ளைத் தோல், சிவப்புத் தையல். கடிதம் இல்லை. பார்வையாளர் பக்கம் அடிபட்டு வந்த பந்து அது. ஆசனத்துக்குக் கீழே தம்பி கண்டெடுத்து, கேட்ட எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததாக அண்ணை முன்பே சொல்லியிருக்கிறார். அண்ணை அதைத் தொடவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதை அவன் ஆருக்கும் குடுக்கமாட்டான்” என்றார்.

என் பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவில் இருந்தான். அங்கே அப்போது காலை எட்டு மணி. அவனுக்குப் போன் எடுத்தேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது சின்ன விஷயமாகக் கேட்டது: ஒருவர் போனை எடுக்கவில்லை, ஒரு பந்தை அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் அக்கா என்றான். அண்ணை என் கையிலிருந்து றிசீவரை வாங்கினார். ஒருநாளும் அப்படிப் பறிக்கிற மனிதர் அல்ல.

“தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. காலிலை விழுந்து கேக்கிறன். சனிக்கிழமை வேண்டாம். இப்ப போங்கோ.”

அவன் போனான். அதன் பிறகு மூன்று மணித்தியாலம் அண்ணை மாடிப்படியின் முதல் படியில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் ரயில்கள் போனபடி இருந்தன. நான் தேநீர் வைத்தேன், ஆறியது, ஊற்றிவிட்டு மறுபடி வைத்தேன். பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போகவேண்டிய நேரம் வந்தபோது, அவரைத் தனியே விட மனமில்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டு அனுப்பினேன். நாலு மணியளவில் தொலைபேசி அடித்தது. அண்ணை எழும்பவில்லை, என்னை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கதவு பூட்டியிருக்கவில்லை என்றான் பெரியம்மா மகன். வீட்டுச் சாமான்களெல்லாம் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி வரிசையாக வைத்திருந்ததாம். தம்பி குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று தெரியாது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் என்று டொக்டர் சொன்னதை அவன் முடிக்கவில்லை. நானும் அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி பேசினார். நான் குசினிக்குள் போனேன். அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. பேஸ்பால் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணை முதலில் சாப்பாட்டையும் மருந்தையும் விசாரித்தார். பிறகு, “தம்பி, அம்மாவை நான்தான் மறிச்சனான்” என்றார். “நீ கொழும்புக்குக் கூப்பிடச் சொன்னனீ. நான்தான் பொறுங்கோ, நிலைமை சரிவரும் எண்டு அவவுக்கு எழுதினனான்.”

அதுவரைக்கும் நான் கேட்ட ஞாயிற்றுச் சண்டைகளெல்லாம் அந்த ஒரு வசனத்தோடு எனக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. நேரத்தோடு எடுத்திருக்க வேணும் என்று தம்பி கிழமைக்குக் கிழமை கத்தியது எதை என்பதும், அண்ணையின் காது ஏன் அப்படிச் சிவந்தது என்பதும் விளங்கியது. வைத்துவிட்டு அவர் குசினிக்கு வந்தபோது முகம் நனைந்திருந்தது. நீங்கள் செய்தது பிழையில்லை அண்ணை, நீங்கள் அப்பிடித்தான் செய்திருக்க முடியும் என்று தம்பி சொன்னாராம். அண்ணை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நாலு வருடமாக அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் காத்திருந்திருக்க வேணும். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்குள் மட்டும் ஏதோ நெருடியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடத்தில் அண்ணையின் வழக்கு முடிந்தது. தம்பியைப் பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தொண்ணூறுகள் முடிகிற நேரம் ஒரு கலியாணத்துக்காக நான் ரொறன்ரோ போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் மாடி. தம்பியை அன்றுதான் முதன்முதலாக நேரில் கண்டேன். மருந்தின் பாரத்தில் மெதுவாக நடந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, கோடுகள் இல்லாமல், நிறத்தோடு. எறிகாரனின் பந்துகளை எதிரணிக்காரர்கள் ஒன்று மாறி ஒன்று அடித்துக்கொண்டிருந்தார்கள். விடட்டும், பொறுத்துப் பாக்கட்டும், அவன் எழும்புவான் என்றார் அண்ணை. “ஓம் அண்ணை” என்றார் தம்பி. ஒரு காலத்தில் அந்த இணக்கத்தைக் கேட்டு நடுங்கிய அண்ணை, இப்போது அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டு, எனக்குத் தேநீர் போடக் குசினிக்குள் போனார்.

தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில் சொன்னார்: “அண்ணை சொல்லுறது பிழை, அக்கா. அவனை எப்பவோ எடுத்திருக்கோணும். கை விழுந்திட்டுது, பாத்தாலே தெரியுது.”

அதை அவரிடமே சொல்லலாமே என்றேன்.

“சொல்ல ஏலாது. சொன்னால் அவருக்கு வேறை ஒண்டு கேக்கும்.”

அண்ணை தேநீரோடு வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டார். ஒண்டுமில்லை அண்ணை என்றார் தம்பி. நான் தேநீரை வாங்கிக்கொண்டேன். ஆட்டம் முடியும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இப்போது ஹரோவில் இருக்கிறோம். அண்ணை இன்னும் இடைக்கிடை அழைப்பார். போன கிழமையும் அழைத்தார். “அவன் இப்ப என்னோடை சண்டையே பிடிக்கிறேல்லை, தங்கச்சி” என்றார். “எல்லாத்தையும் மறந்திட்டான் போலை.”

ஓம் அண்ணை என்று சொன்னேன்.